இருபத்திரண்டு பாட்டு, ஒரு டிரம்காரர்

இத்தாலிக்காரர் ஊருக்குக் கிளம்பிய அன்று எங்கள் செக்‌ஷனில் ஆளுக்கொரு பொருள் கொடுத்தார். சூப்பர்வைசருக்குக் கோடு போட்ட டை. சாம்பிள் ரூம் அக்காவுக்குப் பூப்போட்ட ஸ்கார்ஃப். என் கையில் ஒரு சிடியை வைத்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் டிரம் அடித்துக் காட்டிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. கட்டிங் செக்‌ஷன். தோலை விரித்து, அதன் மேல் கத்தியை வைத்து, இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், மிஷின் இறங்கி டக்கென்று ஓர் அடி அடிக்கும். ஒரு துண்டு தயார். கத்தி என்றால் காய் நறுக்குகிற கத்தி இல்லை. ஷூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஏற்றபடி வளைத்து வைத்திருக்கும் இரும்புப் பட்டை. அடுத்த துண்டுக்குத் தோலை நகர்த்தும் நேரத்தில் என் விரல்கள் சும்மா இருக்காது. கட்டிங் போர்டு மேல் தட்டிக்கொண்டே இருக்கும். புது மாடலுக்கு மெல்லிய தோலை எப்படி வெட்டுவது என்று சொல்லித்தர மூன்று மாதம் வந்திருந்த இத்தாலிக்காரர் இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று அவரும் தட்டினார். எனக்கு இங்கிலீஷ் கம்மி, அவருக்கு என்னைவிடக் கம்மி. அதனால் மூன்று மாதமும் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் விரலால்தான்.

நான் தட்டுவதற்குக் காரணம் உண்டு. முகூர்த்த நாட்களில் நான் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கிறவன். எங்கள் செட்டில் பதினோரு பேர். மூன்று டிரம்பெட், இரண்டு கிளாரினெட், ஒரு சாக்ஸபோன், ஒரு யூஃபோனியம், பெரிய டிரம், ஜால்ரா, கிலுகிலுப்பை, அப்புறம் நான். முன்னால் நடப்பது கிளாரினெட் வாசிக்கும் மாஸ்டர். அவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். மற்ற நாட்களில் குடியாத்தத்தில் லுங்கி பவர்லூம் ஓட்டுகிறார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டுக்குள் உப்பு கேட்டாலும் தெருக்கோடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு. டிரம்காரர்கள் எப்போதும் பின்வரிசை. சத்தம் ஜாஸ்தி என்பதால் எங்களை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துவார்கள்.

சிடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டிவிக்குக் கீழே துணி போட்டு மூடி வைத்திருந்த டிவிடி பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்தது. இரண்டு நாள் ஊசி, ஸ்குரூ டிரைவர் என்று போராடிவிட்டு, எங்கள் முதல் டிரம்பெட்காரனிடம் போனேன். அவன் ஆம்பூர் பஜாரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். வீட்டில் உருது, கடையில் தமிழ், டிரம்பெட்டில் எந்த மொழிப் பாட்டு வேண்டுமானாலும்.

"தோஸ்த், இன்னும் எவன்பா சிடி குடுக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே பழைய லேப்டாப்பில் போட்டான்.

முதல் பாட்டு தொடங்கியது. நாலைந்து டிரம்பெட் ஒரே மூச்சில் ஊதுகின்றன. சாக்ஸபோன்கள் கீழேயிருந்து பதில் சொல்கின்றன. பாடுகிறவர் யாரும் இல்லை. அத்தனைக்கும் அடியில் ஒரு டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று நிமிடம் கழித்து அவன் சொன்னான். "நம்ம ஊர்வலம் மாதிரிதான் இருக்குது. ஆனா இவங்களுக்குப் பின்னால மாப்பிள்ள கார் இல்ல. அதான் இந்த ஓட்டம் ஓடுறாங்க."

எல்லாவற்றையும் மெமரி கார்டில் ஏற்றி என் போனில் போட்டுக் கொடுத்தான். இருபத்திரண்டு பாட்டு.

சிடி உறையோடு சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. என் பெண் பி.காம். படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எனக்குப் படித்துச் சொன்னாள். ஜாஸ் என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பாட்டுக் கச்சேரிகளில் டிரம் செட்டையே "ஜாஸ்" என்பார்கள். அது ஓர் இசையின் பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்பா, இது ஒரே நாள்ல வாசிச்சது இல்ல. பல வருஷத்துல வாசிச்சதப் பொறுக்கி ஒண்ணா போட்டிருக்காங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆளுங்க பேரு வேற வேற."

"எல்லாரும் வேற வேறயா?"

அவள் விரல் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். "டிரம்மர் மட்டும் ஒருத்தர்தான். அட்டையில பெரிசா இருக்குதே, அது இவரு பேருதான். செட்டு இவரோடது. இவருதான் லீடர்."

உறையை வாங்கிப் பார்த்தேன். கருப்பு வெள்ளைப் படம். கோட் போட்ட பதினைந்து பதினாறு பேர் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால், நடுவில், டிரம் செட்டுக்குப் பின்னே அந்த மனிதர். சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. ஒரு டிரம் கட்டை மேலே போய்ப் பாதி மங்கலாக இருக்கிறது.

டிரம்காரர் முன்னால். நான் அந்தப் படத்தை அன்று எத்தனை முறை பார்த்தேன் என்று என் மனைவிக்குத்தான் தெரியும். "இன்னாங்க, பொண்ணுக்கு மாப்பிள்ள போட்டோவா பாக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போகும்போது பதினோரு பாட்டு, வரும்போது பதினோரு பாட்டு என்று கணக்குச் சரியாக வந்தது. முதல் வாரம் எதுவும் பிடிபடவில்லை. எங்கள் அடி நேராக நிற்கிற அடி. கால் வைத்து நடப்பதற்காக அடிப்பது. இவர் அடி கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. டீக்கடை வாசலில் வண்டியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறவனைப் போல. விழுந்துவிடுவான் என்று தோன்றும், ஆனால் விழமாட்டான். இரண்டாவது வாரத்தில் என் தொடை அதைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் பக்கத்து சீட்டில் உட்கார ஆளில்லை. தொடையில் தட்டுவது அவர்கள் தொடை வரைக்கும் போயிருக்கும் போல.

நாலாவது பாட்டில் ஒரு சத்தம் எனக்குப் புரியவேயில்லை. டிரம் சத்தம்தான், ஆனால் அடி இல்லை. யாரோ அரிசி புடைக்கிற மாதிரி, சர்ர், சர்ர் என்று. ஒருநாள் மத்தியானம் ஃபினிஷிங் செக்‌ஷன் வழியாகப் போனேன். அங்கே ஒரு அம்மா வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும் ஸ்வேட் தோலில் செய்த ஷூவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே சத்தம். அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாப்பா வேணும்?"

"இந்த பிரஷ்ஷு பழசு எதனா இருந்தா குடுங்கக்கா."

முடி பாதி கொட்டிப்போன ஒன்றைக் கொடுத்தார். வீட்டில் டிரம்மின் மேல் தேய்த்துப் பார்த்தேன். சத்தம் பல்லி ஓடுகிற அளவுக்குத்தான் வந்தது. போதாததற்கு டிரம்மின் பிளாஸ்டிக் தோல் முழுக்கக் கீறல். என் பெண் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, டிரம்ம கழுவுறீங்களா?" என்றாள். படத்தில் அவர் பக்கத்தில் வைத்திருந்த பிரஷ் விசிறி மாதிரி விரிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இந்த மயக்கத்தில்தான் கம்பெனியில் அந்தத் தப்பும் நடந்தது. ஏழாவது பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் இடது ஒன்று, வலது ஒன்று என்று கத்தியை மாற்றி வைத்து வெட்ட வேண்டும். நான் பாட்டின் போக்கில் ஒரு கட்டு முழுவதையும் இடதாகவே வெட்டி அடுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் அமைதியான மனிதர். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, இந்த ஆர்டர்ல எல்லாருக்கும் ரெண்டும் எடது காலா?"

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வலது வெட்டிக் கொடுத்தேன்.

எங்கள் செட்டில் பாதிப்பேர் குடியாத்தம், பாதிப்பேர் ஆம்பூர். அதனால் நடுவில் மாதனூர் பக்கம் பாலாற்று மணலில் ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ். தண்ணீர் வராத ஆற்றில் எவ்வளவு ஊதினாலும் கேட்பதற்கு ஆளில்லை. அங்கே ஒருநாள் மச்சானிடம் சிடி உறையைக் காட்டினேன். முதல் டிரம்பெட்காரன் ஏழாவது பாட்டைக் காதால் கேட்டே பழகி வைத்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் வாசித்தும் காட்டினோம்.

மச்சான் கடைசிவரை கேட்டார். "நல்லாத்தான் கீது. அதுக்கு இன்னா இப்போ?"

"இதுல டிரம்காரருதான் மச்சான் லீடரு. நம்மளும் ஒரு பாட்டு இப்டி வெச்சுப் பாக்கலாம். நான் முன்னால நின்னு..."

"நீ முன்னால நின்னா பாட்ட யாரு சொல்றது? கட்டையால பாட்டு சொல்லுவியா மாப்ள?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "பதினஞ்சு வருஷமா உங்க முதுகப் பாத்துத்தான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. மச்சான் கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அன்றைக்குப் பிராக்டிஸ் அத்தோடு முடிந்தது.

அப்புறம் இரண்டு வாரம் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. போன் என் மனைவிக்கு வரும். "ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு வரச் சொல்லு." அவர் குரலுக்கு அது எனக்கே நேராகக் கேட்கும். ஆனாலும் மனைவி போனை வைத்துவிட்டு, "எட்டு மணிக்காம்" என்பாள். நான், "சரின்னு சொல்லு" என்பேன். அவள் திரும்பப் போன் போட்டு, "சரியாம்" என்பாள். மூன்றாவது முறை, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா செல்போன் டவரா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் சூப்பர்வைசர் அவருடைய மகள் கல்யாணத்துக்கு எங்கள் செட்டைப் பேசினார். ஆம்பூரிலேயே மண்டபம். சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. பத்திரிகை கொடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த எடது கால் வேலைய இங்க காட்டிடாதப்பா" என்றார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மச்சானுக்குப் பல் வலி. கடைவாய்ப் பல் உள்ளே சாய்ந்து முளைத்திருக்கிறது என்று குடியாத்தம் டாக்டர் வெட்டி எடுத்துத் தையல் போட்டார். பதினைந்து நாள் ஊதக் கூடாது, ஜாஸ்தி பேசக் கூடாது. இதில் இரண்டாவதுதான் அவருக்குப் பெரிய தண்டனை என்று மச்சானின் மனைவி சொன்னார்.

பார்க்கப் போனேன். முகம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டிவி பார்த்தோம். பிறகு எழுந்து உள்ளே போய், மாஸ்டர் விசிலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். ஊர்வலத்தில் பாட்டு தொடங்கவும் திருப்பத்தில் நிறுத்தவும் அவர் ஊதுகிற விசில்.

"ரெண்டாவது கிளாரினெட்டுக்காரர் இருக்காரே" என்றேன்.

தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது. "நீயே... பாத்துக்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை திரும்பி நடந்தேன். அன்று இரவு மனைவியிடம், "முடியாதுன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "நான் டவர் வேலைய உட்டுட்டேன். நீங்களே போய் சொல்லுங்க" என்றாள். சொல்லவில்லை.

மூன்று நாள் சாயங்காலமும் மாதனூர் மணலில் பழகினோம். ஏழாவது பாட்டை எங்களுக்கு ஏற்றபடி சுருக்கினோம். டிரம்பெட் கூப்பிடும், சாக்ஸபோன் பதில் சொல்லும், எல்லோரும் நிறுத்துவார்கள், டிரம் மட்டும் எட்டு எண்ணும் வரை அடிக்கும். மறுபடி எல்லோரும். மறுபடி நிறுத்தம், மறுபடி டிரம். கடைசியில் சேர்ந்து ஊதி முடித்துவிட வேண்டும். மணலில் எல்லாம் சரியாகவே வந்தது.

கல்யாண நாள் சாயங்காலம் ஆறு மணி. சிவப்புக் கோட், தலையில் தொப்பி. டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் தடவையாக முன்னால் போய் நின்றேன். முன்னால் யார் முதுகும் இல்லை, நேராக ரோடுதான். அது எனக்குப் பழக்கமில்லாத காட்சி. மச்சான் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஓரமாக வந்தார். வர வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் வந்திருந்தார்.

முதல் இரண்டும் சினிமாப் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. கூட்டம் நடந்தது, பூப்போட்ட காரில் மாப்பிள்ளை மெதுவாக வந்தார். பஜார் முனை திரும்பியதும் விசில் ஊதினேன். முதல் டிரம்பெட்காரன் என்னைப் பார்த்து ஒரு முறை கண்ணை மூடித் திறந்துவிட்டு, ஏழாவது பாட்டை எடுத்தான்.

பாட்டுத் தெரியாததால் கூட்டம் முதலில் கொஞ்சம் குழம்பியது. எந்தப் படம் என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது காதில் விழுந்தது. முதல் நிறுத்தம். மற்ற வாத்தியங்கள் நின்றுவிட்டன, என் டிரம் மட்டும். எட்டு எண்ணினேன், டிரம்பெட்கள் சரியாக உள்ளே வந்தன. எனக்கே நம்ப முடியவில்லை. மாப்பிள்ளையின் தோழர்கள் ஆட ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது நிறுத்தம் வந்தது. எட்டு முடிந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள், "அண்ணே, நிறுத்தாதீங்க" என்றார்கள். கை கேட்கவில்லை. இன்னும் எட்டு அடித்தேன். அந்தச் சாய்ந்த அடி அன்றைக்கு என் கையில் உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் தொடையில் தட்டியதெல்லாம் கட்டை வழியாக வந்துகொண்டேயிருந்தது. இன்னும் எட்டு. இன்னும் எட்டு. அப்போது மாப்பிள்ளையே கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து ஆட ஆரம்பித்தார். மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. சூப்பர்வைசர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் எண்ணிக்கை விட்டுப்போனது தெரிந்தது. எத்தனை எட்டு முடிந்தது, இப்போது எத்தனையாவதில் இருக்கிறேன், எதுவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் டிரம்பெட்காரர்கள் டிரம்பெட்டை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். யூஃபோனியம்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கிறார். நான் நிறுத்தினால் ஊர்வலம் மொட்டையாக நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் கை விழுந்துவிடும். விசில் ஊதலாம் என்றால் அது வாயில் இல்லை, கழுத்தில் தொங்குகிறது. இரண்டு கையும் டிரம்மில். பின்னால் ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ்கள் நாலைந்து, ஹாரன் மேல் ஹாரன். அதில் ஒன்று எங்கள் கம்பெனி பஸ்.

மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எனக்கு நேர் எதிரே என்னைப் பார்த்து நின்று, பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். என் கையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவர் தலை என் அடியோடு ஆடியது. பிறகு கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டு, வலது கையை உயரத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி நாலு விரல் காட்டினார். டிரம்பெட்காரர்கள் அவசரமாக வாத்தியத்தைத் தூக்கினார்கள். மூன்று. இரண்டு. யூஃபோனியம்காரர் பாட்டிலை யாரோ ஒருவர் கையில் திணித்தார். ஒன்று. கை இறங்கியது.

எல்லோரும் பாட்டுக்குள் விழுந்தார்கள். சுருதி அப்படி இப்படித்தான், ஆனால் ஒன்றாக விழுந்தார்கள். பாட்டு முடிந்தபோது என் சட்டை கோட்டோடு ஒட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். மண்டபம் வரைக்கும் மீதி வழி முழுக்கச் சினிமாப் பாட்டு மட்டும் வாசித்தோம்.

பந்தியில் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ரசம் சோற்றைக் கூழாகப் பிசைந்து கொடுத்திருந்தார்கள். சூப்பர்வைசர் பந்தி விசாரிக்க வந்தார். "எங்க வீட்டு மாப்பிள்ளைய ரோட்ல எறக்கிட்டியேப்பா" என்றார். கோபமா என்று அண்ணாந்து பார்த்தேன். "சம்பந்தி வூட்ல எல்லாருக்கும் சந்தோஷம். சம்பந்தியம்மா மட்டும் மாலையப் பாத்து அழுதாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லிப் போனார்.

மச்சான் மெல்லச் சோற்றை விழுங்கினார். "ஆரம்பிக்கத் தெரிஞ்சுது. நிறுத்தத் தெரியல."

"ஆமா மச்சான்."

"உன் ஆளு... எப்டி நிறுத்துறாரு?"

அத்தனை வாரம் கேட்டும் அதை நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் அதை மட்டும் கேட்டேன். தனியாக அடிக்கிற இடம் வரும்போதெல்லாம், அது முடிகிற இடத்தை மட்டும். மாதனூர் தாண்டும்போது பிடிபட்டது. எவ்வளவு தாறுமாறாக ஓடினாலும், முடிப்பதற்கு முன்னால் அவர் ஒரு சின்ன அடியை மூன்று முறை வைக்கிறார். டக டம், டக டம், டக டம். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, வாங்க, வாங்க, வாங்க. அவ்வளவுதான். எல்லா வருஷத்துப் பாட்டிலும், ஆட்கள் யார் யாராக இருந்தாலும், அது இருந்தது.

அன்று சாயங்காலம் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் தெருமுனை டீக்கடைக்கு வந்தோம். ஆளுக்கொரு இயர்போன் காதில். ஏழாவது பாட்டில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை போடச் சொன்னார். "நம்ம பசங்களுக்கு மூணு போதாது. நாலா வெச்சுக்க" என்றார். பிறகு இயர்போனைக் கழற்றவில்லை. டீ ஆறியது. பன்னிரண்டாவது பாட்டு வந்தபோது மெல்லக் கையை நீட்டி, எதுவும் பேசாதே என்று காட்டினார். அதில் ஒரு கிளாரினெட் தனியாக, அவசரமே இல்லாமல், படி இறங்கி வருகிற மாதிரி வாசிக்கிறது. அடியில் டிரம்காரர் அந்த விசிறி பிரஷ்ஷால் சர்ர், சர்ர் என்று போட்டுக்கொண்டிருக்கிறார்.

முடிந்ததும், "இது யாரு?" என்று கேட்டார்.

"பேரு அந்த புக்குல கீது. பொண்ண கேட்டுச் சொல்றேன்."

"டிரம்மு எங்க போச்சு இதுல?"

"இருக்குது மச்சான். அடக்கி வாசிக்கிறாரு."

"ஓ" என்றார். மெமரி கார்டை மட்டும் கழற்றித் தரச் சொன்னார். மறுவாரம் திரும்பி வந்தது.

பல் ஆறி அவர் மறுபடி கிளாரினெட் எடுத்த பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஊர்வலம் அவருடையது. ஏழாவது பாட்டு வரும்போது மட்டும் அவர் ஓரமாக நகர்ந்து கொள்வார், நான் முன்னால் போவேன். பாட்டு முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுவேன். பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணத்தில் அப்படி நான் முன்னால் போனபோது, "இன்னாத்துக்கு எடம் மாறுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அவருக்கு வெயில் ஒத்துக்காது" என்று என்னைக் காட்டிச் சொன்னார் மச்சான். அப்போது சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

போன மாதம் ஏலகிரியில் ஒரு ரிசார்ட்டில் அறுபதாம் கல்யாணம். வேனில் பதினோரு பேரும், பதினோரு வாத்தியமும். முதல் டிரம்பெட்காரன் வேன் ஸ்பீக்கரில் இருபத்திரண்டையும் போட்டுவிட்டான். மலை ஏறும்போது முதல் தடவையாக எல்லோரும் ஒன்றாக அதைக் கேட்டார்கள். ஒன்பதாவதுதான் நல்ல பாட்டு என்று சாக்ஸபோன்காரர் சொன்னார். அதில் சாக்ஸபோன் நிறைய வருவதால் அப்படிச் சொல்கிறார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் யூஃபோனியம்காரர் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார். அவர் திரும்பி வரும் வரை பாட்டையும் நிறுத்தி வைத்திருந்தோம், அவருக்கு விட்டுப்போகக் கூடாது என்று.

மேலே போய் வாசிக்க ஆரம்பித்ததும் தூறல். அறுபதாம் கல்யாண ஜோடி, பேரப்பிள்ளைகள், நாங்கள் என்று எல்லோரும் போர்ட்டிகோவுக்குள் ஓடினோம். வரிசை எல்லாம் இல்லை, கால் வைக்க இடம் கிடைத்த இடத்தில் நின்றோம். மச்சானுக்குக் கிடைத்த இடம் என் டிரம்முக்கும் தூணுக்கும் நடுவில். வலது காதுக்கு நேர் கீழே டிரம். நகர வழியில்லாமல் ஒரு மணி நேரம் அப்படியே நின்று வாசித்தார். அறுபதாம் கல்யாணப் பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அடிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாமல் நன்றாக ஆடினார்.

மலை இறங்கும்போது மச்சான் வலது காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே வந்தார். "பேஜார்பா. கொய்ங்குனு கேட்டுக்கினே கீது" என்றார். அந்தக் காதில் அவர் குரலும் சரியாக விழவில்லை போலிருக்கிறது. வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார். ஆம்பூர் வரும் வரைக்கும் வேனில் யாரும் தூங்க முடியவில்லை.